மூன்று உரிமங்களும் ஒரே தாளில் ரத்து: முதலில் எந்தக் கதவைத் தட்டுவது?

கேள்வி: வழக்கறிஞர் ஐயாவுக்கு வணக்கம். பாலக்கோடு வட்டத்தில் மாரண்டஅள்ளி பக்கம் உரம், பூச்சிமருந்து, விதைக் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு வயது பதினான்கு. ஆய்வுக்கு வந்த அதிகாரிகள், விற்பனையைப் பதிவு செய்யும் பிஓஎஸ் கருவி காட்டும் யூரியா இருப்பைவிடக் குடோனில் 38 மூட்டை குறைவாக இருப்பதாக எழுதினார்கள். முதல் நாள் நல்ல மழை. மறுநாள் காலையில் கூட்டம் தாங்கவில்லை, சர்வரும் கிடைக்கவில்லை. தெரிந்த விவசாயிகள் என்பதால் நோட்டில் எழுதிக்கொண்டு மூட்டைகளைக் கொடுத்துவிட்டேன். கம்பெனிக்குத் திருப்பி அனுப்ப அட்டைப் பெட்டியில் போட்டு மூலையில் வைத்திருந்த காலாவதி மருந்து பாட்டில்களையும் எழுதிக்கொண்டார்கள். ஒரு மருந்தில் மாதிரியும் எடுத்தார்கள். ஆய்வில் கண்டதை எழுதிய மகஜரில் கையெழுத்துப் போட்டேன். அடுத்த நாளே உர உரிமத்தைத் தற்காலிகமாக நிறுத்தி உத்தரவு வந்தது. 24 நாள் கழித்து உரம், மருந்து, விதை மூன்று உரிமங்களையும் ரத்து செய்து ஒரே உத்தரவு. இடையில் ஒரு நோட்டீஸ்கூட வரவில்லை, விசாரணைக்கும் யாரும் கூப்பிடவில்லை. உத்தரவு கைக்கு வந்து பதினோரு நாள் ஆகிறது. நேரே ஹைகோர்ட்டுக்குப் போகலாமா, தருமபுரி கோர்ட்டிலேயே வழக்குப் போடலாமா? குடோனில் உள்ள சரக்கை என்ன செய்வது? மனைவி பெயரில் புது உரிமம் வாங்கிக் கடையைத் திறக்கலாம் என்கிறார்கள், அது சரியா? பெயர் வேண்டாம்.

பதில்: நாள் ஓடிக்கொண்டிருப்பதால் செய்ய வேண்டியதைச் சுருக்கமாகத் தொலைபேசியில் சொல்லிவிட்டேன். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் இதே நிலையில் வேறு கடைக்காரர்களும் இருப்பார்கள் என்பதால் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் தேதி. உத்தரவு கைக்கு வந்து பதினோரு நாள் என்கிறீர்கள். நீங்கள் அனுப்பிய நகலில் அதிகாரி கையெழுத்திட்ட தேதி அதற்கும் நான்கு நாள் முந்தையது. 1985-ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணையின்படி மேல்முறையீட்டுக்கு 30 நாள். 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் 15-ஆம் பிரிவும் 30 நாள்தான் தருகிறது, ஆனால் முடிவு உங்களுக்குத் தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து எண்ணச் சொல்கிறது. 1983-ஆம் ஆண்டின் விதைக் கட்டுப்பாட்டு ஆணை மட்டும் 60 நாள் தருகிறது. எது எந்த நாளிலிருந்து என்று பிற்பாடு வாதாடிக்கொள்ளலாம். இப்போதைக்கு உத்தரவின் தலையில் அச்சாகியிருக்கும் தேதியிலிருந்து 30 நாள் என்றே எண்ணிக்கொள்ளுங்கள். அப்படி எண்ணினால் பாதி போய்விட்டது. தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் மேல்முறையீட்டு அதிகாரி மன்னிக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு உள்ளே நுழைகிறவரின் குரலுக்கு வலு குறைவு.

உங்கள் கையில் இருப்பது ஒரே தாள். சட்டப்படி அது மூன்று உத்தரவுகள். உர உரிமம் அத்தியாவசியப் பண்டங்கள் சட்டத்தின் கீழ் வந்த உர ஆணைப்படி கொடுத்தது. விதை உரிமம் அதே சட்டத்தின் கீழ் வந்த வேறோர் ஆணைப்படி கொடுத்தது. பூச்சிமருந்து உரிமம் தனிச் சட்டம், தனி விதிகள். மூன்றுக்கும் ரத்து செய்யும் அதிகாரம் தனி, காரணங்கள் தனி, மேல்முறையீடும் தனி. ஒரே மனுவில் மூன்றையும் எழுதிக் கொடுத்தால் வாங்கி வைத்துக்கொண்டு பிறகு, ‘இது எங்கள் வரம்பில் இல்லை’ என்று ஒரு வரியில் திருப்பி அனுப்புவார்கள். அதற்குள் 30 நாள் முடிந்திருக்கும். மூன்று மனுக்கள் தனித்தனியே எழுதுங்கள்.

இப்போது உரத்துக்கு வருகிறேன். உங்கள் பலமும் அதில்தான், பலவீனமும் அதில்தான்.

உர ஆணையின் 31-ஆம் கூறு அதிகாரிக்கு இரண்டு வழிகளைத் தருகிறது. ஒன்று, உங்கள் தரப்பைக் கேட்டுவிட்டு உரிமத்தை நிறுத்தி வைப்பது அல்லது ரத்து செய்வது. இன்னொன்று, குற்றச்சாட்டு நிரூபிக்கப்பட்டால் ரத்து செய்யும் அளவுக்குக் கடுமையானது என்றால், முன்னறிவிப்பே இல்லாமல் இடைக்கால நடவடிக்கையாக நிறுத்தி வைப்பது. உங்களுக்கு மறுநாளே வந்தது இந்த இரண்டாவது வகை. அதை மட்டும் வைத்து, ‘நோட்டீஸ் இல்லாமல் நிறுத்திவிட்டார்கள்’ என்று கூச்சல் போட்டால் எடுபடாது, சட்டமே அதற்கு இடம் தருகிறது. ஆனால் அந்த அதிகாரத்தோடு இரண்டு கடமைகளும் சேர்ந்தே வருகின்றன. என்ன விதிமீறல் என்ற விவரத்தை உடனே உங்களிடம் தர வேண்டும். உங்களைக் கேட்டு, நிறுத்தி வைத்த நாளிலிருந்து 15 நாளுக்குள் இறுதி உத்தரவு போட வேண்டும். போடாவிட்டால் அந்தத் தற்காலிக நிறுத்தம் தானாகவே நீங்கியதாகக் கொள்ளப்படும்.

உங்களுக்கு இறுதி உத்தரவு வந்தது 24-ஆம் நாள். ஆக, பதினாறாம் நாளிலிருந்து ரத்து உத்தரவு வரும்வரை உங்கள் உர உரிமம் சட்டத்தின் பார்வையில் உயிரோடுதான் இருந்தது. நீங்களோ கடையைப் பூட்டிக்கொண்டு வீட்டில் இருந்திருக்கிறீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. நிறுத்தி வைத்த உத்தரவில் இந்த 15 நாள் கணக்கு எழுதப்பட்டிருக்கவில்லை, கருவியையும் முடக்கியிருப்பார்கள். இதைப் படிக்கும் மற்றவர்கள் பதினாறாம் நாள் காலையில் ஒரு கடிதம் எழுதி, 31-ஆம் கூறைச் சொல்லி, கருவியை மீண்டும் இயக்கித் தரச் சொல்லிக் கேட்க வேண்டும். பதில் வராவிட்டால் அந்தக் கடிதமே பிறகு ஒரு நல்ல ஆவணம்.

இந்தத் தானாக நீங்கும் விதியை வைத்து ரத்து உத்தரவையே உடைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நிறுத்தம் நீங்கினாலும் மேல் நடவடிக்கை எடுக்கும் உரிமை அதிகாரிக்கு இருக்கிறது என்று அதே கூறு சொல்கிறது. ரத்து உத்தரவு அடிபடுவதற்குக் காரணம் வேறு. உங்களைக் கேட்காமலே போட்டிருக்கிறார்கள். ‘கேட்பதற்கு வாய்ப்பளித்த பின்’ என்பது உர ஆணையிலும் இருக்கிறது, விதை ஆணையிலும் இருக்கிறது. பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் 14-ஆம் பிரிவோ காரணம் காட்ட வாய்ப்புத் தந்த பிறகே ரத்து என்கிறது. இன்னொரு ஓட்டையும் உண்டு. ரத்துக்கான காரணங்களைச் சுருக்கமாகவாவது பதிவு செய்து நகலை உங்களிடம் தர வேண்டும். உங்களுக்கு வந்த தாளில் ‘ஆய்வின்போது விதிமீறல்கள் கண்டறியப்பட்டதால்’ என்பதைத் தவிர ஒன்றும் இல்லை. எந்த விதி, எவ்வளவு குறைவு, ஏன் எச்சரிக்கையோ குறுகிய கால நிறுத்தமோ போதாது என்பது எதுவும் இல்லை. மொஹிந்தர் சிங் கில் வழக்கில் 1977-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இன்றுவரை இந்த வகை வழக்குகளில் பயன்படுகிறது: அதிகாரியின் உத்தரவு அதில் எழுதியிருக்கும் காரணங்களைக் கொண்டே நிற்க வேண்டும், பிற்பாடு பிரமாணப் பத்திரத்தில் புதுக் காரணம் சேர்த்து அதற்கு முட்டுக் கொடுக்க முடியாது.

இதையெல்லாம் கேட்டு உங்களுக்கு மகிழ்ச்சியாக இருக்கும். ஆனால் கேட்காமல் போட்டது என்ற ஒரே காரணத்துக்காக உத்தரவு ரத்தானால், வழக்கமாக நடப்பது என்ன? ‘நோட்டீஸ் கொடுத்து, விளக்கம் கேட்டு, புதிதாக முடிவு செய்க’ என்று அதே அலுவலகத்துக்குத் திருப்பி அனுப்புவார்கள். அங்கே அந்த 38 மூட்டை உங்களுக்காகக் காத்துக்கொண்டிருக்கும். நடைமுறைப் பிழையில் ஜெயித்துவிட்டு, திரும்பி வந்து அசல் குற்றச்சாட்டுக்குப் பதில் இல்லாமல் நிற்கிற கடைக்காரர்கள் நிறையப் பேர். ஆகவே வழக்கறிஞரைப் பார்ப்பதற்கு முன்பே மூட்டைக் கணக்குக்கு உட்காருங்கள்.

45 கிலோ யூரியா மூட்டையின் விற்பனை விலை 266 ரூபாய் 50 காசு. 38 மூட்டைக்கு 10,127 ரூபாய். பணமாகப் பார்த்தால் அற்பம். அதிகாரி அப்படிப் பார்க்க மாட்டார். விவசாயி கொடுக்கும் விலையைப் போலப் பல மடங்கு அரசு மானியமாகப் போகிறது. கைரேகை வைத்துக் கருவியில் விற்பனை பதிவான பிறகே அந்த மானியம் உர நிறுவனத்துக்குச் சேர்கிறது. நாடு முழுக்க 2018 முதல் இதுதான் ஏற்பாடு. கருவியில் இருந்து குடோனில் இல்லாத மூட்டை என்றால், யாருக்குப் போனது என்று தெரியாத மானிய உரம். அது ஆலைக்குப் போயிருக்கலாம், மாநில எல்லை தாண்டியிருக்கலாம் என்ற சந்தேகம் உடனே வரும். எல்லையை ஒட்டிய ஓசூர், பாகலூர், பேரிகைப் பக்கத்துக் கடைகளுக்கு இந்தச் சந்தேகம் இன்னும் அதிகம். உரத்தை மாநிலத்துக்கு வெளியே கொண்டுபோவதைக் கட்டுப்படுத்த 1973 முதலே தனி ஆணை இருக்கிறது. பதுக்கல்காரர் என்ற பட்டியலில் உங்களைச் சேர்ப்பதா, கூட்டத்தில் தடுமாறிய கடைக்காரர் என்று விடுவதா என்பதுதான் மேல்முறையீட்டின் உண்மையான கேள்வி.

அந்த நோட்டுப் புத்தகம் உங்கள் உயிர். அதைத் திருத்த வேண்டாம், அழகாகப் புதிதாக எழுத வேண்டாம், கிழிந்த பக்கம் கிழிந்தபடியே இருக்கட்டும். அதில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் அந்த விவசாயியிடம் கையொப்பமிட்ட வாக்குமூலம் வாங்குங்கள்: என்றைக்கு, எத்தனை மூட்டை, எந்த நிலத்துக்கு, என்ன பயிருக்கு. கூடவே சிட்டா நகல். ஒரு ஏக்கர் ராகி வைத்திருப்பவர் பன்னிரண்டு மூட்டை வாங்கியதாகக் கணக்கு வந்தால் அந்த வாக்குமூலமே உங்களுக்கு எதிரியாகிவிடும், எனவே வாங்கியவர் வாங்கிய அளவை மட்டும் எழுதட்டும். மழை பெய்த மறுநாள் மேலுரம் போட எல்லோரும் ஒரே நேரத்தில் வருவது நம் ஊரில் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் மனுவில் எழுதுங்கள். மேல்முறையீட்டைக் கேட்பவரும் வேளாண்மைத் துறைக்காரராகவே இருப்பார், அவருக்கு இது புரியும்.

சர்வர் கிடைக்கவில்லை என்பதற்குச் சான்று வேண்டும். அன்றைக்குக் கருவியில் பதிவான விற்பனைகளின் நேரப் பட்டியலை எடுங்கள். காலை ஒன்பதிலிருந்து பதினொன்றரை வரை ஒன்றுமே பதிவாகாமல், அதற்கு முன்னும் பின்னும் வரிசையாகப் பதிவாகியிருந்தால் அந்த இடைவெளி உங்களுக்காகப் பேசும். நிறுவனப் பிரதிநிதிக்கோ அலுவலகத்துக்கோ அன்று செய்த அழைப்பு, அனுப்பிய செய்தி இருந்தால் அதையும் சேருங்கள். இன்னொன்றையும் சரிபாருங்கள். லாரி வந்து சேரும் முன்பே அந்தச் சரக்கைக் கருவியில் ஏற்றுக்கொண்டு விடுகிற பழக்கம் பல கடைகளில் உண்டு. அப்படிச் செய்திருந்தால் கருவியில் கூடுதலாகவும் குடோனில் குறைவாகவும் காட்டும். ஆய்வு நாளுக்கு முந்தைய வாரத்து இன்வாய்ஸ், லாரி ரசீது, கருவியில் ஏற்றுக்கொண்ட தேதி மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 38-இல் பத்து மூட்டை அப்படிப் போனாலும் லாபம்தான்.

மகஜரில் கையெழுத்துப் போட்டதைப் பற்றிப் பயந்து எழுதியிருக்கிறீர்கள். கையெழுத்து மிரட்டி வாங்கப்பட்டது என்று எழுதட்டுமா என்றும் கேட்டீர்கள். மிரட்டினார்களா? இல்லை என்று தொலைபேசியில் நீங்களே சொன்னீர்கள். பிறகு எதற்கு அது? எண்ணிக்கையை ஒப்புக்கொண்டேன், கள்ளச்சந்தையில் விற்றதாக ஒப்புக்கொள்ளவில்லை என்று எழுதுங்கள். கைரேகை வாங்காமல் கொடுத்தது விதிமீறல்தான் என்பதையும் ஒளிக்க வேண்டாம். பதினான்கு ஆண்டில் இதற்குமுன் நடவடிக்கை எதுவும் இல்லை என்றால் அதைச் சொல்லி, இந்தப் பிழைக்கு ரத்து மிகையான தண்டனை, எச்சரிக்கையோ சில நாள் நிறுத்தமோ போதுமானது என்று கேளுங்கள். எல்லாவற்றையும் மறுக்கும் மனுவைவிட இப்படிப்பட்ட மனுவுக்குத்தான் அதிகாரிகள் செவி சாய்க்கிறார்கள் என்பது என் அனுபவம். யார் புகார் செய்தார்கள் என்ற ஆராய்ச்சியும் வேண்டாம். பக்கத்துக் கடைக்காரரைப் பற்றி நீங்கள் எழுதியிருந்த ஒன்றரைப் பக்கத்தை மனுவில் சேர்க்காதீர்கள்.

பூச்சிமருந்துக்கு வருவோம். காலாவதி பாட்டில்களைக் கம்பெனிக்குத் திருப்பி அனுப்ப எடுத்து வைத்திருந்தேன் என்பது எல்லாக் கடைக்காரர்களும் சொல்வது, பெரும்பாலும் உண்மையும்கூட. ஆனால் விதி அதோடு நிற்பதில்லை. காலாவதியான உடனேயே பிரித்தெடுத்து, விற்பனைக்கு அல்ல என்று முத்திரையிட்டு, தனியாக ஒதுக்கிய இடத்தில், காலாவதி மருந்து என்று கண்ணில் படும்படி அறிவிப்பு வைத்துப் பாதுகாக்கச் சொல்கிறது 1971-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லி விதிகளின் 10ஏ விதி. மூலையில் ஓர் அட்டைப் பெட்டி இதற்குப் பாதி தூரம்தான். அந்தப் பெட்டியில் முத்திரையோ அறிவிப்போ இருந்ததா என்று நீங்கள் எழுதவில்லை, எனவே இல்லை என்றே வைத்துக்கொள்கிறேன். விற்பனை அலமாரியில் கலந்து வைக்கவில்லை, பிரித்துத்தான் வைத்திருந்தேன் என்பது மகஜரிலேயே இருக்கிறதா பாருங்கள். ‘கடையின் மூலையில் அட்டைப் பெட்டியில்’ என்று அவர்களே எழுதியிருந்தால் அது உங்களுக்குச் சாதகமான வரி. திருப்பி அனுப்புவது குறித்துக் கம்பெனிக்கு எழுதிய கடிதம், மின்னஞ்சல், விற்பனைப் பிரதிநிதியுடன் பேசிய வாட்ஸ்அப் எதுவானாலும் இணையுங்கள்.

மாதிரி எடுத்ததும் இதே சட்டம்தான், ஆனால் அந்தப் பாதை வேறு. ஆய்வறிக்கை தரமற்றது என்று வந்து அதன் நகல் உங்களுக்குக் கிடைத்தால், 28 நாளுக்குள் ‘இந்த அறிக்கையை மறுத்துச் சான்று அளிக்க விரும்புகிறேன்’ என்று எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிவித்தால்தான் இன்னொரு மாதிரியை மத்திய பூச்சிக்கொல்லி ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேட்க வழி பிறக்கும். அந்த 28 நாளைத் தவறவிட்டால் முதல் அறிக்கையே முடிந்த முடிவாகிவிடும். மருந்தை நீங்கள் தயாரிக்கவில்லை. உரிமம் பெற்ற தயாரிப்பாளரிடமோ விநியோகஸ்தரிடமோ வாங்கியது, குறை இருப்பது நியாயமான கவனத்தோடு பார்த்தாலும் தெரிந்திருக்காது, வாங்கிய நிலையிலேயே முறையாக வைத்திருந்தேன் என்று நிரூபித்தால் விற்பனையாளரைச் சட்டத்தின் 30-ஆம் பிரிவு காப்பாற்றுகிறது. ஆகவே அந்தத் தொகுதி எண்ணுள்ள கொள்முதல் பில்லை இன்றே தேடி எடுத்து வையுங்கள். தகரக் கூரைக்கு அடியில் வெயிலில் வைத்திருந்தால் மூன்றாவது நிபந்தனையில் சிக்கல் வரும்.

விதை உரிமத்தில்தான் அலுவலகம் நன்றாகவே சறுக்கியிருக்கிறது. உங்கள் விதை உரிமத்தைக் கொடுத்தவர் விதை ஆய்வு துணை இயக்குநர். அவர் விதைச்சான்றுத் துறையைச் சேர்ந்தவர். உர உரிமத்தை ரத்து செய்த அதிகாரி அவரல்ல. ஆய்வில் விதை பற்றி ஒரு குறையும் எழுதப்படவில்லை என்பதும் மகஜர் நகலிலிருந்து தெரிகிறது. தான் கொடுக்காத உரிமத்தை, தனக்கு அதிகாரமில்லாத ஆணையின் கீழ், குற்றச்சாட்டே இல்லாமல் ரத்து செய்திருக்கிறார்கள். அச்சடித்து வைத்த மாதிரிப் படிவத்தில் மூன்று எண்களையும் நிரப்பிவிட்டார்கள் என்று நினைக்கிறேன்.

இப்போது உங்கள் முதல் கேள்வி, ஹைகோர்ட்டா? மேல்முறையீடு என்ற வழி இருக்கும்போது அதை விட்டுவிட்டு அரசியலமைப்புச் சட்டத்தின் 226-ஆவது உறுப்பின் கீழ், அரசு உத்தரவை எதிர்த்து நேரே உயர் நீதிமன்றத்தில் போடும் ரிட் மனுவோடு வந்தால், ‘முதலில் அங்கே போங்கள்’ என்று உயர் நீதிமன்றம் சொல்வதுதான் பொது வழக்கம். விதிவிலக்குகளை 1998-இல் வேர்ல்பூல் வழக்கில் உச்ச நீதிமன்றம் தொகுத்துச் சொன்னது: அடிப்படை உரிமை பாதிப்பு, இயற்கை நீதி மீறல் (தரப்பைக் கேட்காமலே முடிவெடுப்பது போன்றது), அதிகாரமே இல்லாத உத்தரவு, சட்டத்தின் செல்லுபடியையே கேள்வி கேட்பது. உங்கள் வழக்கில் இரண்டாவது இருக்கிறது, விதையில் மூன்றாவதும் இருக்கிறது. ஆகவே ரிட் தாக்கல் செய்தால் ஏற்கப்பட வாய்ப்பு உண்டு. ஆனால் ஏற்றே தீர வேண்டும் என்ற கட்டாயம் நீதிமன்றத்துக்கு இல்லை. மனு எண்ணாகி, பட்டியலில் வந்து, ‘மேல்முறையீடு செய்யுங்கள்’ என்று திரும்பும்போது 30 நாள் எப்போதோ முடிந்திருக்கும். நீதிமன்றம் மூட்டைகளையும் எண்ணாது. முடிவு எப்படி எடுக்கப்பட்டது என்பதைப் பார்க்குமே தவிர, 38 சரியா 28 சரியா என்ற விசாரணைக்கு அது இடமல்ல. நோட்டுப் புத்தகத்தையும் சிட்டாவையும் விரித்து வைத்துப் பேச உங்களுக்குக் கிடைக்கும் ஒரே இடம் மேல்முறையீட்டு அதிகாரியின் மேஜைதான்.

என் யோசனை இது. உரத்துக்கும் மருந்துக்கும் மேல்முறையீடு, கெடு முடியக் காத்திராமல் இந்த வாரமே. இரண்டிலும் முதல் காரணமாக, கேட்காமலே ரத்து செய்தார்கள் என்பதைத் தெளிவாக எழுதுங்கள். மேல்முறையீட்டில் உங்களைக் கேட்டுவிட்டால் முன்பு கேட்காத குறை சரியாகிவிட்டது என்று பிறகு வாதிடுவார்கள், அதற்கு இடம் வைக்கக் கூடாது. மேல்முறையீட்டோடு, முடிவு வரும்வரை உத்தரவை நிறுத்தி வைக்கக் கோரும் தனி மனுவும் கொடுங்கள். யாரிடம் மேல்முறையீடு என்பது உத்தரவின் கடைசிப் பத்தியில் இருக்க வேண்டும். உங்களுடையதில் இல்லை. எனவே உத்தரவிட்ட அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள், அவர்கள் இழுத்தடித்தால் அந்த அலுவலகம் வழியாகவே மேல்முறையீட்டு அதிகாரிக்கு என்று முகவரியிட்டுக் கொடுங்கள். நேரில் கொடுத்து நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள், இன்னொரு பிரதியை ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். கோப்பின் நகல்களுக்குத் தகவல் அறியும் சட்டத்தில் மனுப் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டாம், அதற்கே 30 நாள் கெடு. மகஜர் நகலும் உத்தரவும் இருந்தால் மேல்முறையீடு எழுதப் போதும், மற்றவற்றைக் கூடுதல் ஆவணமாகப் பிறகு தரலாம்.

கொடுத்த பிறகு இரண்டு மூன்று வாரம் அசைவே இல்லை என்றால், அப்போது ஹைகோர்ட்டுக்குப் போகலாம். மேல்முறையீட்டையும் தடை மனுவையும் குறிப்பிட்ட வாரங்களுக்குள் பைசல் செய்ய உத்தரவிடக் கோரும் ரிட் மனு அது. இதை நீதிமன்றம் பெரும்பாலும் தயங்காமல் தருகிறது, செலவும் குறைவு. விதைக்கு மட்டும், அதிகாரமே இல்லாத உத்தரவு என்பதால், இப்போதே நேரடி ரிட் போடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. நாற்பது நாளுக்கு மேல் கையில் இருக்கிறது. அதற்கு முன் விதை ஆய்வு துணை இயக்குநர் அலுவலகத்துக்குப் போய், ‘என் விதை உரிமத்தை நீங்கள் ரத்து செய்திருக்கிறீர்களா?’ என்று எழுத்தில் கேட்டுப் பதில் வாங்குங்கள். அவர்களுக்கே இது தெரியாமல் இருக்க வாய்ப்பு உண்டு. இல்லை என்று ஒரு வரி வந்துவிட்டால் ரிட்டுக்கே அவசியம் இல்லாமல் போகலாம்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் உயர் நீதிமன்றத்தின் சென்னை முதன்மை அமர்வின் கீழ் வருகின்றன, மதுரைக் கிளையின் கீழ் அல்ல. உள்ளூர் உரிமையியல் நீதிமன்றத்தில் உறுத்துக்கட்டளை (தடை உத்தரவு) வாங்கித் தருகிறேன் என்று சொல்பவரிடம் பணம் கட்டாதீர்கள். சட்டமே மேல்முறையீட்டு வழியை வகுத்திருக்கும் இடத்தில் அந்த வழக்கு நிற்பது கடினம், நின்றாலும் ஓடும் ஆண்டுகளை உங்கள் கடை தாங்காது.

சரக்கு. ரத்து செய்யும்போது மீதமுள்ள உரத்தை விற்றுத் தீர்க்க 30 நாள் அனுமதிக்கலாம் என்று 31-ஆம் கூறு சொல்கிறது. அனுமதிக்கலாம் என்றுதான் இருக்கிறது, தானாக வராது, கேட்டு வாங்க வேண்டும். 30 நாளுக்குப் பிறகும் மிஞ்சினால் பறிமுதல். உங்கள் உத்தரவில் இந்த அனுமதி இல்லை. இன்றே ரகம் வாரியாக இருப்புப் பட்டியல் போட்டு, கருவியின் வழியாகவே விற்க அனுமதி தாருங்கள் அல்லது மொத்த விற்பனையாளருக்குத் திருப்பி அனுப்ப அனுமதி தாருங்கள் என்று கடிதம் கொடுங்கள். அனுமதி வரும்வரை ஒரு மூட்டைகூட வெளியே போகக் கூடாது, சொந்த வயலுக்கும் கூடாது. அவர்கள் கைப்பற்றி முத்திரையிட்டுப் போனது இருந்தால் அதன் பக்கமே போகாதீர்கள். அது மாவட்ட ஆட்சியர் முன் பறிமுதல் நடவடிக்கைக்குப் போகலாம். அப்படிப் போனால் உங்களுக்குத் தனி நோட்டீஸ் வரும், அதற்குத் தனிப் பதில். யூரியா ஈரம் இழுக்கும் சரக்கு. மழைக்காலத்தில் கட்டியாகிவிடும் என்பதையும் கடிதத்தில் குறிப்பிட்டால் அவசரம் புரியும்.

மனைவி பெயரில் உரிமம் என்ற யோசனையை யார் சொன்னார்களோ அவரிடமே அதை விட்டுவிடுங்கள். அதே கடை, அதே குடோன், அதே சரக்கு, விண்ணப்பத்தில் மட்டும் வேறு பெயர் என்றால், முக்கிய உண்மையை மறைத்துப் பெற்ற உரிமம் என்று அதையும் ரத்து செய்யலாம். உண்மையை மறைப்பதுதான் 31-ஆம் கூறில் ரத்துக்கான முதல் காரணமாகவே இருக்கிறது. உங்கள் மேல்முறையீட்டைக் கேட்பவருக்கும், இவர் கதவை மூடிவிட்டு ஜன்னல் வழியாக வருகிறார் என்ற எண்ணம் வந்துவிடும். பூச்சிமருந்து உரிமத்துக்கு இப்போது கல்வித் தகுதியும் கேட்கிறார்கள். வேளாண்மையிலோ, வேதியியல், தாவரவியல் போன்ற அறிவியல் பாடங்களிலோ பட்டம் பெற்றவராக உங்கள் மனைவி இருந்து, அவரே நின்று நடத்தத் தயாராக இருந்தால், இந்த வழக்கெல்லாம் முடிந்த பிறகு வேறு இடத்தில் வேறு கடையாக அவர் விண்ணப்பிப்பதை யாரும் தடுக்க முடியாது.

ஒன்று பாக்கி. உரிமம் பற்றிய நடவடிக்கை வேறு, அத்தியாவசியப் பண்டங்கள் சட்டத்தின் கீழ் குற்ற வழக்கு வேறு. மேல்முறையீட்டில் ஜெயித்தாலும் குற்ற வழக்கு வரலாம், வராமலும் போகலாம். ஆனால் மேல்முறையீட்டில் நீங்கள் கையெழுத்திட்டுக் கொடுக்கும் ஒவ்வொரு வரியும் அந்த நீதிமன்றத்தில் வாசிக்கப்படும். அதனால்தான் மேல்முறையீட்டுக்கு வழக்கறிஞர் கட்டாயம் இல்லை என்றாலும், எழுதிய மனுவைக் குற்றவியல் வழக்குகள் நடத்தும் ஒருவரிடம் ஒருமுறை காட்டிவிட்டுக் கொடுங்கள் என்கிறேன். பாலக்கோட்டிலேயே நல்லவர்கள் இருக்கிறார்கள், இதற்காகச் சென்னைக்குப் பஸ் ஏற வேண்டியதில்லை.